மாலையை வைத்துவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள்: சாட்ஸ்வர்த் கோயில் கமிட்டிகளுக்கு ஒரு வார்டு கவுன்சிலரின் திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில், என் வார்டுக்குள் இருக்கும் கோயில் கமிட்டிகளின் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், பொருளாளர்களுக்கும், தமிழ்ச் சங்கத்து அண்ணன்மார் அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதப்போகிறேன் என்றதும் என் மகன் சிரித்தான். "யாரம்மா படிப்பார்கள்?" என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் கமிட்டிக் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. நடவடிக்கைக் குறிப்பும் ஆங்கிலம். தேவாரம் மட்டும் தமிழ், அதையும் பலர் ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாளைப் பார்த்துத்தான் பாடுகிறோம். ஆனால் ஆங்கிலத்தில் அனுப்பினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். செயலாளர் கைப்பேசியில் மேலும் கீழும் ஒரு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, "கவுன்சிலர் என்னவோ எழுதியிருக்கிறார்" என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடுவார். தமிழில் வந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டியிருக்கும். நான்கு பேராவது உட்கார்ந்து கேட்பீர்கள். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலத்தில் படித்தவள் நான். சனிக்கிழமை வகுப்பில் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் திட்டாதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு தைப்பூசத்தன்று உங்களில் ஒரு கோயிலுக்கு வந்திருந்தேன். வாசலிலேயே தலைவர் ஐயா பிடித்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் பேர் சொல்லி, மேடைக்கு ஏற்றி, செவ்வந்தி மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, மூன்று படம் எடுத்தீர்கள். மாலையின் ஈரம் புடவையில் இறங்கிக்கொண்டிருந்தபோது செயலாளர் என் காதோரம் குனிந்து, "அக்கா, அந்த மூலைச் சாக்கடையை மட்டும் கொஞ்சம் பாருங்கள்" என்றார். பார்த்தேன். மழைநீர் வடிகால் வாயை மண்ணும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தன. தண்ணீர் நடைபாதைக்கு மேல் வழிந்து கோயில் வாசல் வரை வந்திருந்தது. காவடி எடுத்து வந்தவர்கள் அதற்குள் வெறுங்காலோடு இறங்கித்தான் கோயிலுக்குள் போனார்கள். பால்குடம் சுமந்த ஒரு பெண் கால் வைக்க இடம் தேடி ஒரு கணம் நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவளை நெருக்கினார்கள். அவளும் இறங்கிவிட்டாள்.

"பார்க்கிறேன்" என்று செயலாளரிடம் சொன்னேன். இந்தப் பதவியில் நான் அதிகம் செலவழித்த சொல் இதுதான்.

இரண்டு வாரம் கழித்து வார்டு கூட்டம். கோயிலிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கும் சமூகக் கூடத்தில் இருநூறு நாற்காலி போட்டிருந்தோம். வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். அந்த இருபத்துமூன்றில் உங்கள் கமிட்டிகளிலிருந்து ஒருவர்கூட இல்லை. வடிகால், தெருவிளக்கு, நடைபாதை எல்லாவற்றுக்கும் முன்னுரிமை வரிசை போட்ட கூட்டம் அது. தேநீர்க் கொதிகலனைப் பாதிகூடக் காலி செய்யாமல் திருப்பிக் கொடுத்தோம்.

மாலைக்கும் அந்த நாற்காலிகளுக்கும் இடையில் என்னவோ கோளாறு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில், நான் யார் என்பதில் உங்களுக்கு ஒரு தப்பெண்ணம் உண்டு. டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகர மன்றத்தில் 222 பேர் இருக்கிறோம். அதில் 111 பேர் வார்டுக்கு ஒருவராக வந்தவர்கள். மற்றவர்கள் கட்சிப் பட்டியலிலிருந்து வந்தவர்கள். 2021 நவம்பர் 1 உள்ளாட்சித் தேர்தலன்று உங்களிடம் இரண்டு வாக்குச்சீட்டு கொடுத்தது இதனால்தான். அந்த ஆண்டு ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்து, நாம் தெருமுனைகளில் இரவிரவாகக் காவல் நின்று நான்கு மாதம்கூட ஆகாத நேரம் அது. நாடு முழுவதும் பதிவு செய்தவர்களில் 46 சதவீதத்துக்கும் குறைவானவர்களே வாக்களித்தார்கள். அந்த வாக்குகளில் ஒரு கட்சியின் பேரில் நின்று நான் ஜெயித்தேன். கட்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். இந்த மடல் அதற்காக எழுதுவதும் இல்லை.

நான் மாநகராட்சியின் மேலாளர் இல்லை. எந்தப் பொறியாளரையும், எந்தக் குழாய்க்காரரையும் "இங்கே வா, இதைச் செய்" என்று ஏவ எனக்கு உரிமை கிடையாது. நிர்வாகத்தில் தலையிடக் கூடாது, ஊழியருக்கு உத்தரவு போடக் கூடாது என்று கவுன்சிலர்களுக்கான நடத்தை விதி வெளிப்படையாகவே தடுக்கிறது. நல்ல விதிதான். கவுன்சிலர் சொன்னால் லாரி வரும் என்று ஆகிவிட்டால், கவுன்சிலரின் மாமியார் வீட்டுக்குத்தான் லாரி முதலில் போகும். அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மக்களிடம் வந்து மன்றத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் வந்து சொல்கிறேன். கேட்க ஆள்தான் இல்லை.

ஒரு முறை விடியற்காலை நான்கு மணிக்கு எழுநூற்றுச் சொச்சம் எண்ணுள்ள ஒரு ரோட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. (சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவர்களுக்கு ரோடு என்றால் இன்றும் எண்தான். பெயர்ப்பலகை வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் என் அத்தை எண்ணைத்தான் சொல்கிறார்.) எழுந்து பார்த்தால் என் கைப்பேசியில் நாற்பத்தொரு செய்திகள். வீடியோ, அழுகை முகம், கோப முகம், "எங்கே நம் கவுன்சிலர்?" எல்லாம் வந்திருந்தன. இரவு உடுப்புக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். "புகார் எண் என்ன?" என்று கேட்டேன். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட மாநகராட்சியின் பழுதுப் புகார்த் தொலைபேசிக்கு அழைக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் அழைத்திருந்தார்கள். பிறகு நானே அந்த ரோட்டில், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, அழைத்துக் காத்திருந்து, எண்ணை வாங்கி எழுதிக்கொண்டேன். அந்த எண் கையில் இருந்தால்தான் நான் உங்களுக்குப் பயன்படுவேன். "இந்தப் புகார் இத்தனை நாளாகக் கிடக்கிறது" என்று கேட்கும் அதிகாரம் எனக்கு உண்டு. எண் இல்லாமல் கேட்டால் நானும் தெருவில் சத்தம் போடுகிற இன்னொரு ஆள்.

ரப்பர் முத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வசிப்பிடச் சான்றுக் கடிதத்தில் கவுன்சிலரின் முத்திரை வேண்டும் என்று கேட்கிறார்கள். வங்கிக் கணக்குக்கு வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் அது வேண்டும். அதனால் முத்திரையும் மைப்பெட்டியும் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். ஒரு சாவு வீட்டில், உள்ளே திருவாசகம் பாடிக்கொண்டிருக்கிறார்கள், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். ஒரு தம்பி மெல்லப் பக்கத்தில் வந்து, "அக்கா, ஸ்டாம்ப் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்றான். கார் பானெட்டின் மேல் தாளை வைத்து அடித்துக் கொடுத்தேன். விரலில் இருந்த திருநீறு மையோடு கலந்து முத்திரையின் ஒரு ஓரம் சாம்பல் நிறமாக விழுந்தது. வங்கி அதை ஏற்றுக்கொண்டதாம். இதில் எனக்கு வருத்தம் இல்லை, ஐயா. இப்படிப்பட்ட வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஐந்து ஆண்டில் நான் செய்ததில் உங்களுக்கு நினைவிருப்பது இந்த முத்திரைதான் என்றால், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று அடிக்கடி யோசிப்பேன். என் தாத்தா, நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். டர்பன் நகராட்சியின் துப்புரவுத் தொழிலாளி. விடியுமுன் மேற்குத் தெருவைப் பெருக்கிவிட்டு வருவார். அந்தத் தெருவை ஆண்ட நகரசபைக்கு ஓட்டுப் போட அவருக்கு உரிமை கிடையாது. 1894இல் நேட்டால் நாடாளுமன்ற வாக்குரிமையை இந்தியர்களிடமிருந்து பறிக்க மசோதா வந்தபோதுதான் காந்தியும் மற்றவர்களும் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கினார்கள். நகராட்சி வாக்கு அதற்குப் பிறகும் சிலரிடம் மிஞ்சியிருந்தது. 1924இல் அந்தக் கதவையும் சாத்தினார்கள். புதிதாக எந்த இந்தியரும் நகராட்சி வாக்காளர் பட்டியலில் ஏற முடியவில்லை. அறுபதுகளில் இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில் நம்மை லாரியில் ஏற்றிச் சாட்ஸ்வர்த்தில் இறக்கிய பிறகு, உள்ளூர் விவகாரக் குழு என்று ஒன்றை வைத்தார்கள். அது ஆலோசனை சொல்லலாம். முடிவெடுப்பது வெள்ளையர் மட்டும் உட்கார்ந்திருந்த நகரசபை. 1984இல் வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என்று தனித்தனி அவை வைத்து, கறுப்பினத்தவரை வெளியே நிறுத்திய முத்தரப்பு நாடாளுமன்றம் வந்தது. அதை நம் மக்களில் பெரும்பாலோர் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினோம். கடைசியில் 1996 ஜூன் 26 அன்றுதான் நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போட்ட முதல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது.

எழுபது ஆண்டுக்கு மேல் வாக்கு இல்லாமல் இருந்த மக்கள் என்ன செய்வார்கள்? யாரையாவது பிடிப்பார்கள். அதிகாரியைத் தெரிந்தவரைத் தெரிந்தவர், துரையின் கார் ஓட்டுநர், குழுவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். மாலையும் பழத்தட்டும் போகும். காரியம் நடந்தால் நடக்கும். இன்று நீங்கள் எனக்குப் போடும் மாலையில் அந்தக் காலத்து வாசனை அடிக்கிறது. என்னைக் கௌரவிக்கிறீர்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்களுக்கு வாக்கு இல்லாதது போல நடந்துகொள்கிறீர்கள் என்று நான் நினைக்கிறேன்.

இத்தனைக்கும் ஆட்சி நடத்தத் தெரியாதவர்களா நீங்கள்? வாக்கு இல்லாத அந்த எழுபது ஆண்டும் நமக்கு நகரசபையாக இருந்தவை உங்கள் கமிட்டிகள்தான். காசு திரட்டிக் கோயில் கட்டினீர்கள், பள்ளிக்கூடம் கட்டினீர்கள், பிணம் எடுக்கச் சங்கம் வைத்தீர்கள், கணக்கு எழுதினீர்கள், தணிக்கை செய்தீர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பதவிக்கு நடக்கும் போட்டியைப் பார்த்தால் மாநகர மன்றத் தேர்தல் எல்லாம் குழந்தை விளையாட்டு. ஒரு கோயிலில் (எது என்று சொல்ல மாட்டேன், சொல்லாமலே தெரியும்) பிரியாணி அரிசி மூட்டை எண்ணிக்கையில் இரண்டு குறைந்ததற்காக இரவு பதினொரு மணி வரை கேள்வி கேட்டீர்கள். அந்தக் கேள்விகளை மாநகர வரவுசெலவுத் திட்டத்தின் மேல் யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனையோ கூட்டங்களில் ஏங்கியிருக்கிறேன்.

அதைக் கேட்க இடம் இருக்கிறது. வார்டு கமிட்டி என்று ஒன்று சட்டத்தில் உண்டு. கவுன்சிலர் தலைமை, கூடவே பத்துப் பேர் வரை. எங்கள் வார்டில் பெண்கள், இளைஞர், மூத்தோர், வணிகம், சமயம் என்று பிரித்து ஆள் எடுத்தோம். சமயப் பிரிவுக்கு உங்களிடம் மூன்று முறை பெயர் கேட்டேன். முதல் முறை பதில் இல்லை. இரண்டாவது முறை ஒரே இடத்துக்கு இரண்டு கோயில்கள் சண்டை போட்டன. மூன்றாவது முறை வந்த பெரியவர் இரண்டு கூட்டத்துக்கு வந்தார். தலைவர் நாற்காலி தனக்கு இல்லை என்று தெரிந்ததும் நின்றுவிட்டார்.

காலியாகக் கிடந்த நாற்காலியைப் பற்றி உங்களுக்குக் கவலை இல்லை. நிரம்பிய நாற்காலி ஒன்றைப் பற்றித்தான் உங்களுக்குக் கோபம். அதையும் பேசிவிடுவோம்.

ஆற்றோரத் தகரக் குடியிருப்பிலிருந்து ஒரு கோகோ வருகிறார். ஜூலு பாட்டி, எழுபது வயதுக்கு மேல். முட்டி வலி. மேட்டில் ஏறி வர முக்கால் மணி நேரம் ஆகும். மூன்று ஆண்டில் ஒரு கூட்டம் தவறவில்லை. கையில் பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கும். அதில் பொதுக்குழாயில் எந்தெந்த நாள் தண்ணீர் வரவில்லை என்று பென்சிலால் கோடு கோடாகப் போட்டு வைத்திருப்பார். நல்ல நாளுக்கு நேர்கோடு, வராத நாளுக்குக் குறுக்குக்கோடு. கீழே புகார் எண்கள், பேரனைக் கொண்டு எழுதியவை. என் ஜூலு நொண்டி ஜூலு. அவர் பொறுமையாக இரண்டாம் முறை சொல்வார். முன்னுரிமை வரிசை போடும்போது நான் அந்த நோட்டை மேசை மேல் வைப்பேன். எதிரே வைக்க உங்களிடமிருந்து எதுவும் இல்லை. உங்கள் வடிகால் அடைபட்ட நாட்களுக்கு யாரும் கோடு போடவில்லை. கொள்கலனில் அமைத்த குளியலறையும் கழிவறையும் அவர்களுக்கு வந்தன. ஒரு கம்பத்தில் விளக்கும் வந்தது.

அதற்குப் பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. ஐந்து கமிட்டிகளின் முத்திரையோடு. எல்லாம் அவர்களுக்கே போகிறது, கோயில் பாதை ஓரத்தில் துணி காயப்போடுகிறார்கள், அந்தக் குடியிருப்பை அகற்ற வேண்டும் என்று. இத்தனை ஆண்டில் நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே கடிதம் அதுதான். அதை நான் எங்கும் அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டேன். பதில் எழுதாமல் காலம் கடத்தியது என் கோழைத்தனம். எனவே இப்போது எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்கிறேன்: அவர்களும் இந்த வார்டின் வாக்காளர்கள். வார்டு எல்லையை நானும் நீங்களும் போடவில்லை. எல்லை வரையறை வாரியம் போடுகிறது, வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்ற கணக்கில். அந்தக் கணக்கில் அந்தக் கோகோ ஒன்று, நீங்கள் ஒன்று. மேகசின் பாரக்ஸை இடித்தபோது நம் தாத்தாக்களைப் பற்றி எழுதிய கடிதங்களிலும் துப்புரவு, ஒழுங்கு, பார்வைக்கு அசிங்கம் என்ற சொற்கள் இருந்திருக்கும். உங்கள் கடிதம் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்சி விஷயத்தில் உங்களுக்கு என் மேல் ஒரு குறை உண்டு. அது பாதி நியாயம். "கோயிலுக்கு வரும்போது கட்சிச் சட்டை வேண்டாம்" என்று சொன்னவர்களே, "உங்கள் கட்சியில் சொல்லி முடித்துக் கொடுங்கள்" என்றும் கேட்கிறீர்கள். கட்சி ஒரு குழாய் மாதிரி, வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூட முடியாது. மன்றக் கூட்டத்துக்கு முன்னால் கட்சி உறுப்பினர்கள் தனியே கூடி, எதற்கு எப்படி வாக்களிப்பது என்று முடிவு செய்வோம். அங்கே நான் சண்டை போடலாம். போட்டிருக்கிறேன். வெளியே வந்தால் எல்லோரும் ஒரே கையாகத் தூக்க வேண்டும். கட்சி என்னை நீக்கினால் இந்த இடமும் போகும், உங்களுக்கு இடைத்தேர்தல் வரும். கட்சி தாவினாலும் இடம் நிலைக்கும் என்ற விதி சில ஆண்டுகள் இருந்தது, 2009இல் அதை எடுத்துவிட்டார்கள். ஒரு கட்டண உயர்வு வாக்கெடுப்பின்போது எனக்குக் கை தூக்கவும் மனமில்லை, தூக்காமல் இருக்கவும் தைரியமில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வாக்கெடுப்பு முடிந்த மணி அடித்த பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். இதை என் கட்சிக்காரர்கள் இப்போதுதான் அறிகிறார்கள்.

இந்த மாகாணத்தில் கவுன்சிலர் வேலை சில இடங்களில் உயிரைக் கேட்கும் வேலை. அரசியல் கொலைகளை விசாரிக்க 2016இல் மொரானே ஆணையத்தை அமைக்கும் அளவுக்கு நிலைமை போனது. எனக்கு அப்படி எதுவும் நேரவில்லை. நான் பார்த்த அதிகபட்ச ஆபத்து, வெட்டச் சொன்ன மரத்தை வெட்டவில்லை என்று ஒரு அண்ணன் என் கார் மேல் மாங்காய் எறிந்ததுதான்.

கட்சியே வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. வார்டு வாக்காளர்கள் ஐம்பது பேரின் கையெழுத்தும் வைப்புத்தொகையும் இருந்தால் யாரும் சுயேச்சையாக நிற்கலாம். பிரியாணி அரிசிப் பொருளாளரை நீக்க நீங்கள் அறுபது கையெழுத்து வாங்கினீர்கள். அடுத்த தேர்தல் 2026 நவம்பருக்கும் 2027 ஜனவரிக்கும் இடையில் நடந்தாக வேண்டும். கட்சி எனக்கு மறுபடி இடம் தருமா என்பது எனக்கே தெரியாது. எனவே இதை ஓட்டுக்காக எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

இன்னொரு கோயிலின் சங்கதி. அந்தக் கமிட்டி வாழைப்பழமும் தேங்காயும் வைத்த தட்டோடு என் வீட்டுக்கு வந்தது. கோயிலுக்குச் சொத்து வரிப் பட்டியல் வந்திருக்கிறது, "ஒரு வார்த்தை பேசி" எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பேச எதுவும் இல்லை. 2004ஆம் ஆண்டின் சொத்து வரிச் சட்டமே வழிபாட்டு இடத்துக்கு வரி போடக் கூடாது என்கிறது. ஆனால் அந்த இடம் சமய அமைப்பின் பெயரில் பதிவாகி, முக்கியமாக வழிபாட்டுக்குப் பயன்பட வேண்டும். பத்திரத்தைக் கொண்டு வரச் சொன்னேன். ஓரம் பழுப்பேறிய தாள், மடிப்பில் கிழிந்து ஒட்டுத்தாள் போட்டிருந்தது. நான்கு அறங்காவலர்களின் பெயரில் நிலம் இருந்தது. நான்கு பேரும் காலமாகிவிட்டார்கள். ஒருவரின் பேத்திதான் பத்திரத்தைக் கையில் வைத்திருந்தாள். சட்டத்தின் கண்ணில் அந்தக் கோயில் செத்துப்போன நான்கு பேரின் தனிச் சொத்து. வழக்கறிஞரைப் பார்த்துப் பெயரை மாற்றுங்கள் என்றேன். "பேசினால் முடிந்துவிடும் என்று நினைத்தோம்" என்று தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். பெயர் இன்னும் மாறவில்லை. வரிப் பட்டியல் மாதாமாதம் வருகிறது. என்னால் முடியாது என்று வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம்.

சரி, குறை சொன்னது போதும். இப்போது ஒரு விண்ணப்பம்.

மாநகராட்சிக்கு நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. வரைவு வரவுசெலவுத் திட்டம் மார்ச் முடிவதற்குள் மன்றத்தின் முன் வந்தாக வேண்டும். பிறகு ஏப்ரல், மே மாதங்களில்தான் மக்கள் கருத்துச் சொல்லும் காலம். உங்களுக்கோ அதே காலத்தில் பெரிய வெள்ளியை ஒட்டி மாரியம்மன் திருவிழா, தீமிதி, சித்திரைக் காவடி. ஊரே கரகமும் உடுக்கையுமாக இருக்கும்போது வரைவுத் திட்டத்தின் பக்கங்களை யார் புரட்டுவார்கள்? இத்தனை ஆண்டும் கூட்டத்துக்கு நீங்கள் வராததற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை என்பதை இந்த நாட்காட்டியைப் பார்த்த பிறகுதான் நானும் உணர்ந்தேன். முன்பே உணர்ந்திருக்க வேண்டும். நானும் தீ மிதிக்கும் குடும்பத்தில் பிறந்தவள்தான்.

எனவே கூட்டத்தையே உங்களிடம் கொண்டு வருகிறேன். திருவிழாக் கொடி இறங்கியதும் வரும் முதல் வியாழக்கிழமை, உங்களில் ஒரு கோயிலின் திருமண மண்டபத்தில் வரவுசெலவுக் கூட்டத்தை வைத்துக்கொள்ளலாம். எந்த மண்டபம் என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். சண்டை வந்தால் சீட்டுப் போடுங்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் செருப்பை எங்கே கழற்ற வேண்டும், மண்டபத்துக்குள் எதைக் கொண்டு வரக் கூடாது என்பதெல்லாம் உங்கள் வழக்கப்படியே. ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது வார்டு கூட்டம். ஆற்றோரத்துக் கோகோவும் அவருடன் இருபது, முப்பது பேரும் வருவார்கள். ஒரே வரிசை, ஒரே நாற்காலி, ஒரே தேநீர். கோகோவுக்கு முட்டி வலி என்பதால் முதல் வரிசையில் ஓரத்து நாற்காலி. அதற்குச் சம்மதம் இல்லாத மண்டபம் வேண்டாம். சமூகக் கூடத்திலேயே இருபத்துமூன்று பேரோடு நடத்திக்கொள்கிறேன்.

சம்மதம் என்றால், மேடை போடாதீர்கள். மாலை வாங்கும் காசில் ஒரு கட்டுக் கோடு போட்ட நோட்டு வாங்கி, கோயிலுக்கு ஒன்றாகக் கொடுங்கள். மூலைச் சாக்கடை எந்தெந்த நாள் வழிந்தது, புகார் எண் என்ன என்று இன்றிலிருந்தே ஒருவர் எழுதி வைக்கட்டும். பொருளாளரைவிட அதற்குச் சரியான ஆள் கிடைக்க மாட்டார். பழத்தட்டோடு வந்த கமிட்டி மட்டும், கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பழைய பத்திரத்தையும் நான்கு பெரியவர்களின் இறப்புச் சான்றிதழ்களையும் எடுத்து வாருங்கள். முத்திரை என் கைப்பையில் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வார்டு கவுன்சிலர்
சாட்ஸ்வர்த், டர்பன்